நாயும் பெட்டியும் ஒன்றா? விமானப் பயண விதிகளில் நிரப்பப்படாத இடம்

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: தலைநகரைப் பொறுத்தவரை 2025-ஐ நாய்களின் ஆண்டு என்றே சொல்லலாம். தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 11-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவும், அதே மாதம் 22-ஆம் தேதி அது மாற்றியமைக்கப்பட்டதும் நாடு முழுவதும் விவாதத்தைக் கிளப்பின. டிசம்பர் 1-ஆம் தேதி, குளிர்காலக் கூட்டத்தொடரின் முதல் நாளன்று, காங்கிரஸ் கட்சியின் மாநிலங்களவை உறுப்பினர் ரேணுகா சௌத்ரியின் காரில் ஒரு நாய்க்குட்டி நாடாளுமன்ற வளாகத்துக்குள் வந்தது. தெருவில் கண்டு மீட்டதாக அவர் விளக்கம் அளித்தார். ஆளும் கட்சியினர் நடவடிக்கை கோரினர். அன்றைய அவை நடவடிக்கைகளுக்கு இணையாக அந்தக் குட்டியும் செய்தியானது.

இத்தனை வாதங்களுக்கு நடுவிலும் யாரும் எழுப்பாத கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் வளரும் நாயையோ பூனையையோ ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு விமானத்தில் கொண்டுசெல்ல விரும்பும் குடும்பத்துக்குச் சட்டம் தரும் உரிமை என்ன? வழியில் அந்த விலங்குக்கு ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது?

முதல் கேள்விக்கு, உரிமை என்று எதுவும் இல்லை என்பதே விடை. இரண்டாவது கேள்விக்குச் சட்டம் தரும் விடை இன்னும் வியப்பளிப்பது: தொலைந்துபோன பயணப்பெட்டிக்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான்.

தடையில் தொடங்கும் விதி

1937-ஆம் ஆண்டின் விமான விதிகளில் 24-சி என்பது விலங்குகள், பறவைகள், ஊர்வன ஆகியவற்றைப் பற்றியது. அனுமதியும் நிபந்தனையும் இன்றி இவற்றை விமானத்தில் ஏற்றக் கூடாது என்று அது தடையில் தொடங்குகிறது. அந்த நிபந்தனைகளை விவரிப்பது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) 1985-ல் வெளியிட்ட 9-ஆம் எண் சுற்றறிக்கை. கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்று, வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, முறையான கூண்டு, ஈரத்தை உறிஞ்சும் தரைவிரிப்பு, சினையுற்ற விலங்குக்கு அனுமதி மறுப்பு, தலைமை விமானியின் ஒப்புதல் என்பவை அதன் சாரம்.

இவை யாருடைய நலனைக் காப்பவை என்று பார்த்தால் விதியின் இயல்பு விளங்கும். விமானத்தின் பாதுகாப்பு, சக பயணிகளின் உடல்நலம், நோய்ப் பரவல் தடுப்பு ஆகிய மூன்றுமே அவற்றின் நோக்கம். மூன்றும் தேவையானவையே. ஆனால் விலங்கின் உரிமையாளருக்கு நிறுவனம் செய்ய வேண்டியது என்ன, எந்த நிலையில் மறுக்கலாம், மறுத்தால் எத்தனை நாள் முன்பு தெரிவிக்க வேண்டும் என்பவற்றுக்கு அங்கே இடம் இல்லை. ஏற்றுவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி முடிவு செய்துகொள்கிறது.

1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக 'பாரதீய வாயுயான் அதிநியம்' 2024-ல் நிறைவேறி, 2025 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்டில் மக்களவையிலும் டிசம்பரில் மாநிலங்களவையிலும் அது விவாதிக்கப்பட்டபோது, இந்தியில் பெயரிட்டதைத் தி.மு.க. உள்ளிட்ட கட்சிகள் கடுமையாக ஆட்சேபித்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். சட்டத்தின் பெயர் மாறியது. பழைய சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட விதிகளோ, புதியவை வரும்வரை தொடரும் என்ற ஏற்பாட்டின் பேரில் நிற்கின்றன.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பார்வையற்றோருக்கும் பிற மாற்றுத் திறனாளிகளுக்கும் உதவும் பயிற்சி பெற்ற நாய்களைக் கட்டணமின்றிப் பயணிகள் பகுதியிலேயே ஏற்ற வேண்டும் என்பது டி.ஜி.சி.ஏ.வின் தனி விதி. விலங்கை ஏற்றும் கடமையை நிறுவனங்கள் மீது சுமத்த அரசால் இயலும் என்பதற்கு இதுவே சான்று. அந்தக் கடமை சாதாரண வளர்ப்பு விலங்குகளுக்கு எந்த அளவிலும் நீட்டிக்கப்படவில்லை.

ஒரு நிறுவனத்தின் கொள்கை, ஒரு நாட்டின் நடைமுறை

உள்நாட்டு விமானப் பயணிகளில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரைச் சுமந்து செல்வது இண்டிகோ. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் அதன் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது நாட்டின் விமானப் போக்குவரத்தே நிலைகுலைந்ததை மக்கள் கண்டனர். அந்த நிறுவனம் உதவி நாய்களைத் தவிர வேறு வளர்ப்பு விலங்குகளை ஏற்பதில்லை. அதன் விமானம் மட்டுமே இயங்கும் ஊர்களுக்கு நாயோடு பறக்க வழியே இல்லை என்பது இதன் பொருள்.

பயணிகள் பகுதியில் விலங்குகளை ஏற்பதில் முன்னிற்பவை ஏர் இந்தியாவும் ஆகாசா ஏரும். ஏர் இந்தியா பொதுத்துறையில் இருந்த காலத்திலிருந்தே இச்சேவையை அளித்து வருகிறது. 2022 ஜனவரி 27-ஆம் தேதி டாடா குழுமத்தின் கைக்கு மாறிய பின்னரும் அது தொடர்ந்தது. 2022 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கிய ஆகாசா, அதே ஆண்டு நவம்பர் முதல் நாய், பூனைகளை ஏற்கத் தொடங்கியது. தொடக்கத்தில் அது விதித்த வரம்பு, கூண்டோடு சேர்த்துப் பயணிகள் பகுதிக்கு 7 கிலோ, சரக்குப் பகுதிக்கு 32 கிலோ. பயணிகள் பகுதிக்கான வரம்பு பின்னர் உயர்த்தப்பட்டது.

இந்த எண்களை நடைமுறையோடு வைத்துப் பார்க்க வேண்டும். நன்கு வளர்ந்த பக் இன நாயின் எடையே 6 முதல் 8 கிலோ. கூண்டையும் சேர்த்தால் 7 கிலோ வரம்புக்குள் அது அடங்காது. இந்திய நடுத்தர வகுப்பு வீடுகளில் பெரிதும் காணப்படும் லாப்ரடார், ஆண் எனில் 30 கிலோவை எளிதில் எட்டும். அதற்கேற்ற கூண்டின் எடையையும் கூட்டினால் 32 கிலோ என்பது போதாது. இத்தகைய நிலையில் பயணியின் உடைமையாக அன்றி, சரக்கு முனையத்தில் தனிச் சரக்காகப் பதிவு செய்து அனுப்புவதுதான் மிஞ்சும் வழி. அதற்குக் கட்டணம், காத்திருப்பு நேரம், ஆவணம் எல்லாமே வேறு.

ஒரு விமானத்தில் எத்தனை விலங்குகள் என்பதற்கும் நிறுவனங்கள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. இருக்கை கிடைத்தாலும் விலங்குக்கு இடம் கிடைக்கும் என்பது உறுதியில்லை. பயணச்சீட்டுக்குப் பணம் செலுத்திய பிறகே பல நேரங்களில் இது தெரிய வருகிறது.

ரயில்வேயோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். குளிர்சாதன முதல் வகுப்பில் இருவருக்கான அல்லது நால்வருக்கான அறையை முழுமையாகப் பதிவு செய்தால் நாயை உடன் அழைத்துச் செல்லலாம். இல்லையெனில் கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டில் அனுப்பலாம். வசதி குறைவு, செலவு அதிகம் என்ற குறைகள் அதிலும் உண்டு. ஆயினும் நாடு முழுவதற்கும் ஒரே விதி. தில்லியிலிருந்து சென்னை செல்லும் குடும்பம் ஏறத்தாழ ஒன்றரை நாள் ரயில் பயணத்தை ஏற்றுக்கொண்டால், நாய்க்கு வழி உண்டு என்பதாவது முன்கூட்டியே தெரியும்.

போர்முனையைக் கடந்து தில்லியில் நின்ற நாய்

இந்த முரண் வெளிப்படையாகத் தெரிந்தது 2022 மார்ச் மாதத்தில். உக்ரைன் போரில் சிக்கிய இந்திய மாணவர்களை 'ஆபரேஷன் கங்கா' மூலம் மத்திய அரசு மீட்டது. சில மாணவர்கள் தங்கள் நாய், பூனைகளை விட்டு வர மறுத்தனர். வெளிநாட்டு விலங்குகளை இந்தியாவுக்குள் கொண்டுவர முன் அனுமதியும் பரிசோதனையும் கட்டாயம். ஆயினும் கால்நடைப் பராமரிப்புத் துறை ஒருமுறைச் சலுகையாக நிபந்தனைகளைத் தளர்த்தியது. விலங்குகள் அண்டை நாட்டு எல்லையைக் கடந்து, மீட்பு விமானங்களில் தில்லி வந்து சேர்ந்தன.

கேரளத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர் தம் நாய்க்குட்டியுடன் இவ்வாறு தில்லியை அடைந்தார். அங்கிருந்து கொச்சி செல்ல மாநில அரசு ஏற்பாடு செய்திருந்த விமானத்தில் நாய்க்கு இடமில்லை என்று கூறிவிட்டனர். அந்த நிறுவனத்தின் கொள்கை அப்படி. பின்னர் வேறு விமானத்தில்தான் அவர்கள் ஊர் போய்ச் சேர நேர்ந்தது. போர் நடக்கும் நாட்டிலிருந்து வருவதற்குத் திறந்த வழி, உள்நாட்டின் கடைசிக் கட்டத்தில் அடைபட்டது. யாரும் விதியை மீறவில்லை. மீறுவதற்கு அப்படியொரு விதியே இல்லை என்பதுதான் சிக்கல்.

மாற்றல் காலமும் கோடை வெயிலும்

வளர்ப்பு விலங்குகளின் விமானப் பயணம் பணம் படைத்தோரின் ஆடம்பரம் என்ற எண்ணம் அரசியல் வட்டாரத்தில் பரவலாக உண்டு. இடமாற்றப் பட்டியலைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். படைவீரர்கள், மத்திய அரசு ஊழியர்கள், வங்கி அலுவலர்கள், தனியார் நிறுவனப் பணியாளர்கள் என இடம்பெயர்வோர் பலர். பிள்ளைகளின் தேர்வு முடிந்த பின், புதிய கல்வியாண்டு தொடங்கும் முன், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில்தான் இந்தக் குடும்பங்கள் வீடு மாற்றுகின்றன. வட இந்தியாவில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் காலமும் அதுவே.

விமானத்தின் அடிப்பகுதிச் சரக்கு அறையிலும் காற்றழுத்தம் பராமரிக்கப்படுகிறது. ஆனால் காற்றோட்டமும் வெப்பக் கட்டுப்பாடும் எல்லா விமானங்களின் எல்லாச் சரக்கு அறைகளிலும் இருப்பதில்லை. பறக்கும் நேரத்தை விடவும் ஆபத்தானது தரையில் கழியும் நேரம். முனையத்திலிருந்து விமானத்துக்குக் கொண்டுசெல்லும் வழியிலும், ஏற்றுமுன் ஓடுதளப் பரப்பில் காத்திருக்கும்போதும், விமானம் தாமதமாகும்போதும் கூண்டுக்குள் வெப்பம் ஏறும். நாய் வியர்த்து உடலைக் குளிர்விப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே குளிர்விக்கிறது. பக், புல்டாக், ஷி சூ போன்ற தட்டை முக இனங்களுக்கு மூச்சுப்பாதையே குறுகலானது. பெர்சியப் பூனைக்கும் இதே நிலை.

இது ஊகமன்று. அமெரிக்காவில் விமானத்தில் விலங்கு இறந்தாலோ காயமுற்றாலோ தொலைந்தாலோ நிறுவனங்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2005 முதல் நடைமுறையில் உள்ளது. அப்படித் திரண்ட விவரங்களை அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2010-ல் வெளியிட்டது. ஐந்தாண்டுகளில் 122 நாய்கள் இறந்திருந்தன. சரக்குப் பகுதியில் இறந்த தூய இன நாய்களில் ஏறத்தாழ பாதி தட்டை முக இனங்களைச் சேர்ந்தவை. தட்டை முக நாய்களுக்குப் பல நிறுவனங்கள் இன்று விதிக்கும் கட்டுப்பாட்டுக்கு இத்தகைய விவரங்களே அடிப்படை.

இந்தியாவில் இதற்கு இணையான ஏற்பாடு இல்லை. டி.ஜி.சி.ஏ. மாதந்தோறும் வெளியிடும் அறிக்கையில் பயணிகள் எண்ணிக்கை, ரத்தான விமானங்கள், உடைமை குறித்த புகார்கள் எல்லாம் இடம்பெறுகின்றன. விலங்குகளுக்கென்று தனிப் பத்தி கிடையாது. எண்ணப்படாத இழப்பு கொள்கை வகுப்போரின் கண்ணில் படாது.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

அரசு செய்யாததைக் குடும்பங்களே செய்துகொள்ள வேண்டிய நிலையில், முன்தயாரிப்பு இன்றியமையாதது. விலங்கு நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் இடமளிப்பதே சரியான கூண்டு. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் (ஐ.ஏ.டி.ஏ.) ஆண்டுதோறும் திருத்தி வெளியிடும் உயிருள்ள விலங்குகளுக்கான விதிகளில் கூண்டின் அளவும் அமைப்பும் விவரிக்கப்பட்டுள்ளன. கூண்டைப் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே வீட்டில் திறந்து வைத்து, அதனுள் உணவளித்துப் பழக்க வேண்டும். பயண நாளன்று முதன்முறையாகக் கூண்டைக் காணும் நாய், பதற்றத்தில் பல்லாலும் நகத்தாலும் கதவைத் தாக்கிக் காயப்படுத்திக்கொள்ளும்.

உறங்க வைக்கும் மருந்து கொடுத்து அனுப்புவது நல்லது என்ற நம்பிக்கை தவறானது. அத்தகைய மருந்துகள் இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் உடல் வெப்பக் கட்டுப்பாட்டையும் பாதிக்கக் கூடியவை என்பதால், கால்நடை மருத்துவர்கள் பொதுவாக அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, அனுப்புவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பே நாய், பூனைகளுக்கு உணவும் நீரும் தரப்பட்டிருக்க வேண்டும். நோயின்மைச் சான்று இல்லாத விலங்கை ஏற்க மறுக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது. சான்று எத்தனை நாளுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், அதை முன்பதிவின்போதே கேட்டு அறிய வேண்டும்.

கோடையில் அதிகாலை அல்லது பின்னிரவு விமானத்தைத் தேர்வதும், இடையில் விமானம் மாறாத நேர்ப் பயணத்தைத் தேர்வதும் நலம். விலங்குக்கு இடம் உறுதி என்பதை எழுத்தில் பெற்ற பிறகே பயணச்சீட்டு வாங்குவது பாதுகாப்பு. விமான வகை கடைசி நேரத்தில் மாற்றப்பட்டால் சரக்கு அறை வசதியும் மாறும் என்பதால், புறப்படும் முன்தினம் மீண்டும் ஒருமுறை விசாரிக்க வேண்டும்.

எல்லை தாண்டும்போது

வெளிநாட்டுப் பயணம் இன்னும் நீண்ட கால ஏற்பாட்டைக் கோருவது. வெறிநோய் பரவலாக உள்ள நாடு என்பதால் இந்தியாவிலிருந்து வரும் நாய்களைப் பல நாடுகள் ஐயத்துடனேயே நோக்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அழைத்துச் செல்ல, அடையாளச் சில்லு பொருத்தி, தடுப்பூசி போட்டு, குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி போதிய அளவில் உள்ளது எனச் சோதனையில் நிறுவி, அதன்பின் 3 மாதம் காத்திருக்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்கா தன் விதிகளை இறுக்கியுள்ளது. 6 மாதம் நிரம்பாத நாய்க்கு அங்கு அனுமதி இல்லை. இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வருபவற்றுக்குக் கூடுதல் சான்றுகள் வேண்டும். பிரிட்டனுக்கு விமானத்தில் செல்லும் விலங்கு, உதவி நாயாக இல்லாவிடில், சரக்காகவே இறங்க வேண்டும். வேலைக்கான விசா சில வாரங்களில் கிடைத்துவிடும். நாய்க்கான ஆவணம் முடிய பல மாதங்கள் ஆகும்.

இந்தியாவுக்குள் வரும் விலங்குகளைச் சோதிப்பது கால்நடைப் பராமரிப்புத் துறையின் கீழ் இயங்கும் விலங்குகள் தொற்றொதுக்கல் மற்றும் சான்றளிப்பு நிலையங்கள். தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் என்ற வரிசையில் 2024-ல் கொச்சியும் சேர்ந்தது. அதற்கு முன்பு வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பும் மலையாளிகள் தங்கள் விலங்குடன் வேறு மாநில விமான நிலையத்தில் இறங்க வேண்டியிருந்தது. தமிழகத்தில் சென்னையைத் தவிர வேறு விமான நிலையத்துக்கு இவ்வசதி இல்லாததால், சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ திருச்சிக்கும் மதுரைக்கும் நேரே திரும்புவோர் இன்றும் அந்த நிலையில்தான் உள்ளனர்.

இழப்புக்கு விலை என்ன?

2019 அக்டோபரில் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் விமான நிலையத்தில், ஸ்பெயின் செல்லவிருந்த பயணி ஒருவரின் நாய், விமானத்துக்குக் கொண்டுசெல்லும் வழியில் கூண்டிலிருந்து தப்பி ஓடியது. பிறகு கிடைக்கவே இல்லை. அவர் 5,000 யூரோ இழப்பீடு கேட்டார். விமான நிறுவனம் பொறுப்பை ஏற்றது; ஆனால் உடைமைக்கு உள்ள வரம்புக்குள்தான் தருவோம் என்றது. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை சென்றது. 2025 அக்டோபர் 16-ஆம் தேதி வந்த தீர்ப்பு, மான்ட்ரியல் உடன்படிக்கையின் பொருளில் வளர்ப்பு விலங்கும் 'உடைமை' என்பதற்குள் அடங்கும் என்று கூறியது.

அந்த உடன்படிக்கையில் இந்தியாவும் 2009 முதல் உறுப்பு நாடு. 1972-ஆம் ஆண்டின் விமானவழிப் போக்குவரத்துச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையாக அது இங்கு நடைமுறையில் உள்ளது. பன்னாட்டுப் பயணத்தில் உடைமைக்கான உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர்.; அதாவது பன்னாட்டுச் செலாவணி நிதியத்தின் கணக்கு அலகில் சொல்லப்படும் தொகை. 2025-ஆம் ஆண்டின் மாற்று விகிதப்படி ஏறத்தாழ ரூ.1.8 லட்சம். உள்நாட்டுப் பயணத்தில் உடைமை இழப்புக்கான வரம்பு ரூ.20,000. போதாக்குறைக்கு, விலங்குக்கு நேரும் எதற்கும் தாமே பொறுப்பு என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே கையொப்பம் பெறுவதும் நிறுவனங்களின் வழக்கம்.

பன்னாட்டுப் பயணிகள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. உடைமையை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பைச் சிறப்பு அறிவிப்பாக எழுதிக் கொடுத்து, அதற்கான கூடுதல் கட்டணத்தையும் செலுத்தியிருந்தால் வரம்புக்கு மேல் கோர முடியும். அர்ஜென்டினா வழக்கில் அத்தகைய அறிவிப்பு தரப்படவில்லை.

விலங்கைத் துன்புறுத்தும் வகையில் கொண்டுசென்றால் தண்டிக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. தண்டனையைக் கூட்டும் திருத்த மசோதாவின் வரைவு 2022 நவம்பரில் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது.

2014-ல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் விலங்குகளின் கண்ணியம் பற்றியும், பசி, தாகம், அச்சம் ஆகியவற்றிலிருந்து அவை விடுபட்டிருக்க வேண்டியது பற்றியும் விரிவாகப் பேசியது தமிழக வாசகர்களுக்குப் புதிதன்று. 2023-ல் அரசியல் சாசன அமர்வு தமிழக அரசின் திருத்தச் சட்டத்தை ஏற்று, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை வழங்க மறுத்தது. உரிமை உண்டா என்ற அந்தப் பெரிய விவாதம் எப்படி முடிந்தாலும், கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றிச் செல்லும் உயிருக்குக் குறைந்தபட்சக் கவனிப்பு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

மறுதரப்பின் நியாயம்

விமான நிறுவனங்களின் தயக்கத்தையும் புறந்தள்ள முடியாது. மூடிய இடத்தில் பல மணி நேரம் அமர்ந்திருக்கும் சக பயணிகளில் நாய், பூனையின் உரோமத்தால் ஒவ்வாமை அடைவோர் உண்டு. நாயைக் கண்டாலே அஞ்சுவோரும் உண்டு. விமானத்தை அரை மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்பும் குறைந்த கட்டண நிறுவனங்களுக்குத் துப்புரவுப் பணி கூடுவது செலவு. எனவே எல்லா நிறுவனங்களும் எல்லா விலங்குகளையும் பயணிகள் பகுதியில் ஏற்கக் கட்டாயப்படுத்துவது நடைமுறைக்கும் ஒவ்வாது, நியாயமும் ஆகாது.

ஆனால் ஏற்பதா மறுப்பதா என்ற விருப்பம் நிறுவனத்துக்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டாலும், ஏற்ற பின் எப்படி நடத்த வேண்டும் என்பதும் நிறுவனத்தின் விருப்பமாக இருக்கத் தேவையில்லை. 2018 மார்ச்சில் அமெரிக்க விமானம் ஒன்றில், தலைக்கு மேலுள்ள பெட்டியறையில் வைக்கச் செய்த கூண்டினுள் ஒரு பிரெஞ்சு புல்டாக் குட்டி இறந்தது. விலங்கை அவ்வாறு மேலறையில் வைப்பதைச் சட்ட விரோதமாக்கும் பிரிவு அதே ஆண்டு அக்டோபரில் நிறைவேறிய விமானப் போக்குவரத்துச் சட்டத்தில் இடம்பெற்றது. ஏழு மாதங்களில் சட்டம் வந்தது.

நாடாளுமன்றத்தின் முன்னுள்ள வாய்ப்பு

இங்கே பொறுப்பு சிதறிக் கிடப்பது முதல் தடை. ஏற்றுவது பற்றிய விதி விமானப் போக்குவரத்து அமைச்சகத்திடம். வதைத் தடுப்புச் சட்டமும் எல்லைப் பரிசோதனையும் கால்நடைப் பராமரிப்புத் துறையிடம். சுங்கம் நிதி அமைச்சகத்திடம். இறக்குமதி உரிமம் வர்த்தக அமைச்சகத்திடம். உறுப்பினர் ஒருவர் கேள்வி எழுப்பினாலும் அது நான்கு மேசைகளுக்குப் பிரிந்து போகும்.

ஆயினும் இதைச் செய்ய ஏற்ற தருணம் இதுவே. புதிய விமானச் சட்டத்துக்கு ஏற்பப் பழைய விதிகளைத் திருத்தி எழுத வேண்டிய தேவை உள்ளது. அப்போது 24-சி விதியையும் 1985 சுற்றறிக்கையையும் இன்றைய நிலைக்கு ஏற்ப மாற்றலாம். மூன்று செயல்கள் போதும். முதலாவது, விலங்கை ஏற்பதா, எந்த எடை வரை, எந்த விமானத்தில் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் பயணச்சீட்டுக்குப் பணம் பெறும் முன்பே அறிவித்து உறுதி செய்ய வேண்டும். இரண்டாவது, இறப்பு, காயம், இழப்பு ஆகியவற்றை டி.ஜி.சி.ஏ.வுக்குத் தெரிவித்து, மாதாந்தர அறிக்கையில் வெளியிட வேண்டும். மூன்றாவது, உள்நாட்டுப் பயணத்திலாவது உயிருள்ள விலங்குக்கான பொறுப்பை உடைமைக்கான ரூ.20,000 வரம்பிலிருந்து பிரித்து, தனியே வரையறுக்க வேண்டும். இவற்றில் முதல் இரண்டுக்கும் புதிய சட்டம் தேவையில்லை, டி.ஜி.சி.ஏ.வின் ஆணையே போதும். போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டால் நான்கு அமைச்சகங்களையும் ஒரே மேசைக்கு அழைக்க முடியும்.

விலங்கு நலனை நாடாளுமன்றத்தின் பொருளாக்கியதில் தமிழகத்துக்குத் தனிப் பங்கு உண்டு. 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், விலங்கு வதையைத் தடுக்கத் தனி உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததை ஏற்று அதைத் திரும்பப் பெற்றார். அந்த உறுதிமொழியின் விளைவே 1960-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பல்லாண்டுகள் சென்னையில் இயங்கிய அந்த வாரியத்தின் தலைமையகம் 2018-ல் ஹரியாணாவின் வல்லபகட்டுக்கு மாற்றப்பட்டது.

தனி உறுப்பினர் ஒருவரின் மசோதா, நாட்டின் சட்டமாக மாற ஏழு ஆண்டுகளே ஆயின. 1985-ல் எழுதப்பட்ட சுற்றறிக்கை நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. வரும் கூட்டத்தொடரின் கேள்வி நேரத்தில் இதை எழுப்ப ஓர் உறுப்பினர் முன்வந்தால், அடுத்த கோடைக்குள் ஓர் ஆணையேனும் வர வாய்ப்புண்டு.